இடது தோளில் துண்டு

ஆகஸ்ட் 14

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு நன்றாக இருக்கிறோம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இந்த வருஷம் கூடைப்பந்துக் கோப்பை நமக்குத்தான்! சிரிக்காதே. போன வருஷமும் இதையேதான் சொன்னேன், தெரியும். இருபத்தெட்டு ஆட்டத்தில் ஐந்துதான் ஜெயித்தோம், அதுவும் தெரியும். ஆனால் அது ஒரு அணியா? பந்து கைக்கு வந்தால் யாரிடம் கொடுப்பது என்று திருதிருவென்று முழிக்கிற கூட்டம். இப்போது பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் புதுசு. கோச் புதுசு. ஏழடிக்கு ஒருத்தனைப் பிடித்துப் போட்டிருக்கிறார்களே, அவனுக்கு நான் ஒட்டகம் என்று பேர் வைத்துவிட்டேன். கேப்டனை மட்டும் விட்டுவைத்தார்கள், நியாயம்தான். மற்ற பழைய குப்பையை எல்லாம் ஒரே வாரில் வாரிக் கொட்டினார்கள் பார், அதற்கே அந்த நிர்வாகத்துக்குக் கைகொடுக்க வேண்டும்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். முதலாளியம்மா ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினாள்: "உங்களுக்குக் காதுதான் போச்சுன்னு நெனச்சேன், புத்தியுமா?" போகட்டும். காது போனால் என்ன, கண் இருக்கிறது. உன்னோடு போனில் பேச முடியாதே தவிர, டிவியில் உன் வழுக்கையை எந்த மூலையிலிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

நம் ஏற்பாட்டை மறந்துவிடாதே. இடது தோளில் துண்டு இருந்தால் நீ நன்றாக இருக்கிறாய். வலது தோளில் இருந்தால் சரியில்லை, நான் உடனே எழுத வேண்டும். பத்தொன்பது வருஷமாக வீரர்களின் கணுக்காலுக்குப் பட்டை சுற்றிவிட்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய். வலது தோளில் துண்டைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அம்மா தவறிப்போன வாரம்.

அக்டோபர் மூன்று முதல் ஆட்டம். டிவி முன்னால் இருப்பேன்.

உன் அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி பரவாயில்லை.

நீ சொல்வது சரிதான், இந்த வருஷம் அணி நன்றாக இருக்கிறது. கோச் கண்டிப்பானவர், காலையில் ஆறு மணிக்கே பயிற்சி. ஒட்டகம் தினமும் ஐந்நூறு முறை பந்தை வளையத்தில் போட்டுப் பழகுகிறான். கேப்டனின் இடது கணுக்கால் தேறிவிட்டது.

ஒரே ஒரு விஷயம். இந்த வருஷம் உதவியாளர்களைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். கேமராவில் விழ மாட்டேன் என்று நினைக்கிறேன். துண்டு தெரியவில்லை என்றால் கவலைப்படாதே. இடது தோளில்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


அக்டோபர் 4

தம்பி,

நேற்று நாம் ஜெயித்தோம். எத்தனை புள்ளி என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

இரண்டாவது கால்பகுதியில் கேப்டன் கால் பிசகி வெளியே வந்தான். கேமரா கிட்டத்தில் போனது. இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அவனுக்குப் பட்டை சுற்றியவனுக்குத் தலை நிறைய முடி. அவனுக்குப் பின்னால் பின்வரிசையும் முழுசாகத் தெரிந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீ இல்லை.

"அவன் எழுதினதெல்லாம் பேப்பர்ல வந்த சேதிதானேன்னு எனக்கு அப்பவே தோணுச்சு, உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேணாம்னு வாயை மூடிக்கிட்டேன்," என்று மாமா இப்போது எழுதிக் காட்டுகிறார். நல்ல மனுஷன்! ஆளாளுக்கு என் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டீர்கள். உன்னை யார் பார்த்துக்கொண்டார்கள்?

பழைய குப்பை என்று எழுதினேனே. அந்தக் குப்பையில் நீயும் இருந்தாய் என்று எனக்குத் தெரியாதுடா. அந்த வரியைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. என்னை மன்னித்துவிடு. இனி அந்த அணி ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்கு ஒன்றும் இல்லை. டிவிக்குத் துணி போட்டு மூடிவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது. இந்த முறை உண்மையை எழுது.

அக்கா


அக்டோபர் 11

அன்புள்ள அக்கா,

உண்மையை எழுதுகிறேன்.

ஜூலை கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். "எல்லாத்தையும் புதுசா ஆரம்பிக்கிறோம் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். நல்ல பையன்தான், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். கத்தரிக்கோலையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உனக்கு எழுத உட்கார்ந்தேன், எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். அதற்குள் உன் கடிதம் வந்தது. குப்பை என்ற சொல் சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக மறைக்கவில்லை. இந்த வீட்டுக்கு அந்த மாதம் வந்த ஒரே சந்தோஷம் அந்தக் கடிதம். அதையும் கெடுத்துவிட்டு நான் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கை போய் டிவியைப் போட்டுவிட்டது. பத்தொன்பது வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் கால்களைத்தான் பார்த்திருக்கிறேன் அக்கா. யார் எப்படித் தரையிறங்குகிறான், யார் நொண்டுகிறான், அவ்வளவுதான். பந்து எங்கே போகிறது என்று போன வாரம் வரை யாராவது கேட்டிருந்தால் பதில் தெரியாது. கடைசி நிமிஷத்தில் ஒட்டகம் அந்தப் பந்தைப் போட்டானே, நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். கத்தி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், உண்மையைக் கேட்டாயே.

டிவி மேல் போட்ட துணியை எடு. என்னை அவர்கள் விட்டார்கள், அதற்காக நீ எதற்கு அவர்களை விட வேண்டும்? பாதி ஆட்டம் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பதினெட்டாம் தேதி ஆட்டத்துக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். காலை பத்து மணி பஸ். மாமாவை நிலையத்துக்கு அனுப்பாதே, நீ வா.

இறங்கும்போது துண்டு வலது தோளில் இருக்கும். இடது தோளில் போட்டுக்கொண்டு வந்தால் அது இன்னொரு பொய். பார்த்ததும் பயந்துவிடாதே. திரும்பிப் போகிற அன்றைக்கு எந்தத் தோள் என்று நீயே முடிவு பண்ணிப் போட்டுவிடு.

உன் தம்பி