தாமதமாக வருபவரின் நாற்காலி

அக்கா, முதலில் மன்னித்துவிடுங்கள். நீங்கள் இருந்தபோது உங்களோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் நான். இப்போது கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் படிக்க நீங்கள் இல்லாத நேரத்தில். ஆனால் இன்று வகுப்பில் ஒன்று நடந்தது. அதை வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

இன்று யாரும் தாமதமாக வரவில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்கூட இல்லாத இடம் அது. டெல்லி கரோல் பாக் துணிக்கடைகளுக்கு மேலே அந்தக் கூடத்தைப் பெருக்குவதும் நாம்தான், மற்ற நாட்களில் அங்கே தபலா சொல்லிக்கொடுப்பதும் நாம்தான், வயது பார்க்காமல் கற்றுக்கொள்வதும் நாம்தான். பார்த்து வரைவதற்கு ஓர் ஆளை அமர்த்த வழியில்லாமல், வகுப்பை நடத்தும் நீலம் தீதி வைத்த சட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. “ஜோ லேட், வோ மாடல்.” கடைசியாகப் படியேறி வருபவர் நடுவில் இருக்கும் கைப்பிடி நாற்காலியில் வகுப்பு முடியும்வரை உட்கார வேண்டும்.

இன்று எல்லோரும் முன்கூட்டியே வந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார ஒருவருக்கும் துணிவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நீலம் தீதி, “சரி, நாற்காலியையே வரையுங்கள்” என்று இந்தியில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அதன் கால்களை மட்டும் வரைந்தேன். மேலே போக முடியவில்லை.

நீங்கள் போய்விட்ட செய்தி எனக்கு ஃபோனில்தான் வந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில், யாரோ போட்ட ரோஜாப்பூ குட்மார்னிங்குக்கும் ‘கரிக்கோல் தீர்ந்துவிட்டது, யாராவது வாங்கி வாருங்கள்’ என்ற செய்திக்கும் நடுவில். வீட்டில், அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோதே விழுந்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு, ‘கரிக்கோல் நான் வாங்கி வருகிறேன்’ என்று பதில் போட்டேன். வாங்கியும் வந்தேன். மீதிச் சில்லறையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டில்தான் தெரிந்தது.

உங்களை முதல் நாள் நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். “ஆன்ட்டியாம்லா! காய்கறிக்காரன் கூப்பிடுத மாதிரி இருக்கு. அக்கான்னு சொல்லுட்டி” என்றீர்கள். எங்கள் வீட்டில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் படிக்க வைத்த பெண். பெரிய வீட்டுப் பெண்மணி ஒருவரை அக்கா என்பதற்கு எனக்குப் பல வாரங்கள் பிடித்தன.

ஒவ்வொரு வாரமும் நீங்கள்தான் கடைசி. மூச்சு வாங்க உள்ளே வருவீர்கள். “ஆ கயீ லேட் மேடம்!”, லேட் மேடம் வந்துவிட்டார் என்று கூடமே கத்தும். “மெட்ரோவில் என்ன கூட்டம், என்ன கூட்டம்” என்று இந்தியில் புலம்பிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்வீர்கள். உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பித் தமிழில், “ஏட்டி, மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடு. அது எங்கப்பா மூக்கு. என்னைக் கேட்டா வச்சாரு?” என்பீர்கள். நான் சிரிப்பை அடக்கப் படும் பாடு உங்களுக்குப் பிடிக்கும்.

ஒருநாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டீர்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, செருப்பைக் கழற்றிய ஒரு கால் இன்னொரு காலின் மேல் ஏறியிருந்தது. எழுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். நீலம் தீதி உதட்டில் விரலை வைத்தார். எல்லோரும் சத்தம் வராமல் வரைந்தோம். விழித்ததும் நேரே என் தாளைத்தான் வந்து பார்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நல்லாருக்கு பிள்ள. ஆனா இதை எங்க வீட்டுல ஒருத்தரும் பாத்துரக்கூடாது. இங்க வந்து தூங்குதேன்னு தெரிஞ்சா அடுத்த வாரம் யாரு விடுவா? சத்தியம் பண்ணு” என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் நான் சத்தியம் பண்ணும்வரை கையை விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, வரைய மனமில்லாமல் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது உங்கள் மகள் வந்தாள். படிவாசலில் நின்றபோதே தெரிந்துவிட்டது, அதே மூக்கு.

“நான் அவங்க பொண்ணு. மம்மி இங்க டீச்சரா இருந்தாங்க இல்ல? ‘நான் போகலைன்னா கிளாஸே நடக்காது’ன்னு சொல்வாங்க. மத்லப்... அதாவது, என்ன சொல்லிக் கொடுத்தாங்க?”

அவள் என்னிடம் தமிழில் கேட்டதை நான் இந்தியில் சொன்னதும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டீச்சர்! நீங்கள் பென்சிலைக் கையில் எடுத்துக்கூட நாங்கள் பார்த்ததில்லை. நீலம் தீதிதான் சுதாரித்துக்கொண்டு, “அவர் இல்லாமல் இந்த வகுப்பு நடந்ததே இல்லை” என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு அலமாரியைத் திறந்து எங்கள் படக்கட்டை எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் நீங்கள் நீலம் தீதியைப் போல இருந்தீர்கள், ஒன்றில் யாரோ மந்திரியைப் போல. உங்கள் மகள் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனாள்.

“எல்லாத்துலயும் உக்காந்திருக்காங்க” என்றாள். யாருக்கோ இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வது போல. “மம்மி உக்காந்து நான் பாத்ததே இல்ல. தாத்தா படுக்கையில இருக்காரு, என் பையனையும் மம்மிகிட்டதான் விட்டுட்டு ஆபீஸ் போவேன். சாப்பாடுகூட கிச்சன்ல நின்னுட்டேதான்.”

சுவரில் மாட்ட உங்கள் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையாம். எப்போதும் எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தவர் நீங்கள்தானாம். ஒரு கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி மாட்டியிருக்கிறார்கள், அதில் யாருடைய தோளோ ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். “இதுல மம்மி மாதிரியே ஒண்ணு இருந்தா குடுங்களேன்” என்றாள். நீலம் தீதி என்னைப் பார்த்தார். “இவள் வரைந்தால்தான் ஆள் தெரியும். இவளிடம் இருக்கும்.”

நான் வரைந்த மற்றவை எல்லாம் அரைகுறை. உங்களைப் போலவே இருப்பது நீங்கள் தூங்கும் அந்த ஒன்றுதான். “தேடிப் பாக்கறேன்” என்றேன். அடுத்த வாரம் அல்ல, அதற்கடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னாள். கிளம்பும்போது யாரோ பாசத்தில், மெட்ரோக் கூட்டத்தில் சிக்கித் தாமதமாக வரும் எங்கள் ‘லேட் மேடம்’ என்றதும் திரும்பினாள்.

“லேட்டா? மம்மியா? காலையில முதல் வேலையா கிளம்பிடுவாங்களே. மெட்ரோ எதுக்கு? எங்க வீடு பின்னாடி சந்துலதான்.”

இன்று வகுப்பு முடிந்து இறங்கியபோது கீழே டீக்கடைக்காரர், ஆன்ட்டி ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவீர்களாம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்பீர்களாம். “எல்லாரும் மேலே போயாச்சா, அண்ணா?” என்று கேட்டு, அவர் ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் படியேறுவீர்களாம்.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் என்னையே பார்ப்பார்களே என்று பயந்து, அந்த நாற்காலியிலிருந்து தப்பிக்கத்தான் வாராவாரம் முதல் ஆளாக ஓடி வருவேன். தூணுக்குப் பின்னாலிருந்து அதையும் பார்த்திருப்பீர்கள். உட்கார ஓர் இடம் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே அக்கா நீங்கள். நாங்களும் கேட்கவில்லை. வாரம் தவறாமல் உங்களையே உற்று உற்றுப் பார்த்தோமே, இவ்வளவு களைப்பு எங்கள் யார் கண்ணிலும் படவில்லையே.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தாள். “கொஞ்ச நேரம் உக்காரும்மா” என்றேன். பயந்துபோய்த் திரும்பினாள். “ஏன்டி, என்னாச்சு? வேலை கீலை போயிடுச்சா?”

வரும் ஞாயிறு உங்கள் மகள் வருவாள். படம் என் பையில் இருக்கிறது. அவள் உங்களைக் கடைசியாகப் பார்த்ததும் கண் மூடிய நிலையில்தான் என்பதை நினைத்து, வெளியே எடுத்ததைத் திரும்பப் பைக்குள் வைக்கிறேன். ஆனால் இந்தப் படத்தில் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். கால் கட்டை விரல்கூடத் தளர்ந்திருக்கிறது.

இவ்வளவு நேரம் இதைக் கேட்கத்தான் தயங்கிக்கொண்டிருந்தேன். அக்கா, அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விட்டுவிடுங்கள். டீக்கடையில் கேட்டதை அவளிடம் நான் சொல்ல மாட்டேன். அதைத் தாங்க அவளால் முடியாது. படத்தை மட்டும் கொடுக்கிறேன். மம்மி தூங்குறாங்களா என்று அவள் கேட்பாள். ஆமாம், இங்கே வந்து தூங்குவாங்க, நாங்க யாரும் எழுப்ப மாட்டோம் என்று சொல்ல எனக்கு அனுமதி கொடுங்கள்.