ஐந்தாம் ஸ்தலத்து வேங்கை

8-4-79, குருத்து ஞாயிறு

காலை ஏழுக்கே அனல். புதுக் குருத்தோலையைச் சாமி படத்தின் பின்னால் செருகியாயிற்று. பழைய ஓலை என் வீட்டுக்காரர் போன வருடம் செருகியது. சாம்பல் புதனுக்கு, நெற்றியில் பூசுகிற சாம்பலுக்கு எரிக்கக் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

பூசை முடிந்து கூட்டம். பெரிய வெள்ளியன்று மலைமேல் சிலுவைப்பாதைக்குத் தூக்கிப்போகிற சிலுவையைக் கரையான் அரித்துவிட்டதாம். வருடம் முழுக்க மண்தரையில் சாத்தி வைத்தால் வேறென்ன ஆகும்! புது மரம் வெட்ட வேண்டும். பதினான்கு ஸ்தலம், பதினான்கு குடும்பம். அவரவர் ஸ்தலத்திலிருந்து அடுத்த ஸ்தலம் வரை அவரவர் தூக்குவது. எங்களுக்கு ஐந்தாவது, சீமோன் இயேசுவின் சிலுவைக்குத் தோள் கொடுத்த இடம். இருபது வருடமாக அவர் தூக்கினார். ஆடியில் போய்ச் சேர்ந்தார். இந்த வருடம் நான் தூக்குகிறேன் என்று எழுந்து நின்று கேட்டேன்.

கோயில் உபதேசியார்: "பொம்பளைங்க தூக்கற வழக்கம் இல்லீங்க டீச்சர்."

"எங்கியாவது எழுதி வெச்சிருக்குதா?"

"எல்லாத்தையும் எழுதியா வெப்பாங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய தம்பிக்காரன் இருக்கும்போது டீச்சருக்கு எதற்கு என்று முடித்துவிட்டார்கள்.

9-4, திங்கள்

தையல் கிளாஸ் லீவு. சிலுவை தூக்குகிறவர்களுக்கு வெள்ளை ஜிப்பா பதினான்கு. துணி கோயிலுடையது, முதுகுவலி என்னுடையது. பாபினில் நூல் சிக்கல், இரண்டு தடவை.

கொழுந்தனார் மரியதாஸ் வந்தார். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு இப்போதுதான் வாசலை மிதிக்கிறார்.

"அண்ணி, அளவு எடுத்துக்கிறீங்களா?"

"உங்க அண்ணன் அளவு கீது. லூசா இருந்தா இருக்கட்டும்."

"கோவமா அண்ணி? நானா கேட்டேன்? அவங்களா குடுத்தாங்கோ."

டீ கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை.

அவர் போனதும் மகள் ரோசி, "அதுல இன்னாம்மா கீது? மொத்தமே நூறு அடி. அதுக்குப் போய் ஊரோட சண்ட." அவரிடம் நானும் அப்படித்தான் பேசுவேன். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் மலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிவிட்டு, தோளில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்துவிடேன் என்பார். மரம் அறுக்கிற ஆளு, நூறு அடி தூக்கினதுக்கு இன்னா இந்த அலட்டல் என்பேன். சிரித்துக்கொண்டே தானே தேய்த்துக்கொள்வார்.

11-4, புதன்

ஆலங்காயத்தில்: பட்டன் 4 டஜன், வெள்ளை நூல், ஊசி. ரிப்பன் வாங்கவில்லை, தவசு காலத்தில் அலங்காரம் ஆகாது. பஸ் ஒன்றரை மணி லேட். உட்கார இடமும் இல்லை.

திரும்பி வந்தால் கோயில் வாசலில் புதுச் சிலுவை. வேங்கை. நேற்றுத்தான் வெட்டியிருக்கிறார்கள், பட்டைகூட உரிக்கவில்லை. "பட்டையோட இருந்தாத்தான் டீச்சர் அசல் சிலுவ மாரி கீது" என்கிறார் உபதேசியார். பச்சை வேங்கை, பட்டை அடிபட்டால் சிவப்பாகப் பால் விடும். வெள்ளைத் துணி பாழ். மரம் அறுக்கிறவரோடு குடித்தனம் பண்ணினவள் சொல்கிறேன், பட்டையை உரித்து நிழலில் போடுங்கள் என்றேன்.

"அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க."

சரி. பார்த்துக்கொள்ளட்டும். ஜிப்பா பாக்கி 3.

13-4, பெரிய வெள்ளி

ஒருசந்தி. வெறும் தண்ணீர். அடிவாரத்தில் எட்டுக்குக் கிளம்பி, ஐந்தாம் ஸ்தலத்துக்கே பதினொன்று. அவ்வளவு கனம். ஆளுக்கு நாலு தடவை கீழே போட்டார்கள். பாறையில் பட்டை உரசி, நான் சொன்னதேதான்.

நாலாவது ஆள் வந்து இறக்கினார். தோள், முதுகு, எல்லாம் சிவப்பு. ஒருத்தி "ஐயோ ஆண்டவரே, ரத்தம்!" என்று கத்தினாள். அவ்வளவுதான், கூட்டமே முட்டி போட்டது. கைக்குட்டையால் ஒற்றி எடுக்கிறார்கள், பிள்ளைகள் நெற்றியில் வைக்கிறார்கள். "வேங்கப் பால்! பச்ச மரம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உபதேசியார் அழுதுகொண்டே, "விசுவாசம் இல்லாம பேசாதீங்க டீச்சர்." சாமியார் எங்கோ கீழே, இரண்டாவது வளைவில், மூச்சு வாங்கிக்கொண்டு.

இனி மரியதாஸ் தூக்க வேண்டும். கும்பிட்டபடியே பின்னால் நகர்கிறார். "நான் தொட மாட்டேன் அண்ணி. நான் இன்னா யோக்கியமா? குடிக்கிறவன்." அடுத்த ஆளைப் பார்த்தால் அவரும் தலையைக் குனிந்துகொள்கிறார். ஒருத்தரும் தொடவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது, கைக்குழந்தைகள் வீறிடுகின்றன. விறகுக் கட்டோடு இறங்கி வந்த மலைக்காரப் பெண் ஒருத்தி நின்று பார்த்தாள். "வேங்கப் பாலுதானே. நாங்க கொயந்தைக்குப் பொட்டு வெப்போம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். அவள் பேச்சையும் யாரும் காதில் வாங்கவில்லை.

அரை மணி நேரம். எனக்குப் பொறுக்கவில்லை. பக்தி இல்லை, ஒன்றும் இல்லை, எரிச்சல். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தோளைக் கொடுத்தேன். ஒருத்தர் தடுக்கவில்லை. வழக்கம் எங்கே போயிற்றோ!

நூறு அடி இல்லை. நூற்று அறுபத்திரண்டு, அத்தனையும் ஏற்றம். அவரை நினைத்துக்கொண்டே தூக்க வேண்டும் என்று இத்தனை நாள் ஆசை. நினைப்பே வரவில்லை. காலில் முள், கண்ணில் வேர்வை, எப்போது முடியும், எப்போது முடியும், இதுதான் ஓடியது. ஆறாவதில் இறக்கினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகு அடுத்த ஆளுக்குத் தைரியம் வந்தது. கிழவிகள் என் முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "விடுங்க, சாயம் அது" என்றால் இன்னும் அழுகிறார்கள். ச்சே!

14-4, சனி

மேகமூட்டம், மழை இல்லை. காலையிலிருந்து ஜிப்பாக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நேற்று ரத்தம் என்று அழுதவர்கள் இன்று, "கற போவுமா டீச்சர்?" போகாது. இந்தக் கறைக்காக அவரோடு எத்தனை சண்டை. உப்பு, எலுமிச்சை, சோடா, எதற்கும் போகாது.

தோள் வீங்கிவிட்டது. கையைத் தூக்கி ஜாக்கெட் போட முடியவில்லை. ரோசியிடம் சொல்லவில்லை. எப்படிப் பார்த்தாளோ, சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்கிறாள்.

"தேச்சி வுடட்டாம்மா?"

"வேணாம் போ. நூறு அடி தூக்கினதுக்கு இன்னா இந்த அலட்டல்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் கேட்கவில்லை. எண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுவந்திருந்தாள். தேய்த்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இருபது பெரிய வெள்ளி. ஒன்றில்கூட நான் அவருக்குத் தேய்த்துவிடவில்லை.