முதல் ஒன்றைத் தேடும் நிரல்

ஜூன் 12, 2008

மறுபடியும் கரண்ட் கட். மிஷின்கள் நின்றதும்தான் காது வலிக்கிறது.

போன வருஷம் அப்பா எண்ணெய் வழுக்கி விழுந்து கால் உடைந்தபோது, "ஆறு மாசம் நிட்டிங் கம்பெனியப் பாத்துக்க கண்ணு" என்றார். கால் எலும்பு கூடிவிட்டது. ஏணி ஏறி நூல் கோன் மாட்டுகிறார். அந்த ஆறு மாசம் மட்டும் முடியவில்லை. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்துவிட்டு, துணி ரோல் ஏற்றும் வண்டிக்குச் சலான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 15

பெங்களூரிலிருந்து ஜெபக்குமார் பேசினான். காலேஜில் ஒரே ரூம். "எங்க மேனேஜர் மார்க்கெல்லாம் பாக்க மாட்டாருலே. லினக்ஸ் கெர்னல்ல ஒம் பேருல ஒரு பேட்ச் ஏறட்டும், ஒடனே இன்டர்வியூக்குக் கூப்புடுவாரு."

பேட்ச் என்றால் ஒரு திருத்தம். எதைத் திருத்துவது என்று எனக்கு முன்பே தெரியும். கெர்னல்தான் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் இயங்குதளத்தின் அடிவயிறு. எந்த பிராசசர் விழித்திருக்கிறது, மெமரியில் எந்த இடம் காலி, எல்லாவற்றையும் பூஜ்யமும் ஒன்றுமாக வரிசை வரிசையாக வைத்திருக்கும். அந்த வரிசையில் முதல் ஒன்று எங்கே என்று தேட ஒரு சின்ன ரொட்டீன். ஓயாமல் ஓடுவது. இப்போது இருப்பது பிராசசரின் சொந்த பாஷையான அசெம்பிளியில் எழுதிய, திரும்பத் திரும்பச் சுற்றும் முரட்டு லூப். நான் சி மொழியில் எழுதுகிறேன். இந்தப் பூஜ்யம்-ஒன்றுகளில் முப்பத்திரண்டை ஒரே எண்ணாகப் பார். பூஜ்யமா, மொத்தமாகத் தாண்டு. இல்லையா, ஒன்று எங்கே என்று பிராசசரையே ஒரே கட்டளையில் கேள்.

இது ஏறினால் நான் வெளியே.

ஜூன் 24

என் ரொட்டீனை அளந்தால் காலையில் ஒரு வேகம், மதியம் ஒரு வேகம். அதே புரோகிராம், அதே கம்ப்யூட்டர்! மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் சி.பி.யூ பெட்டியைத் திறந்தால் ஃபேன் முழுக்கப் பஞ்சு. பூனைக்குட்டி சுருண்டு படுத்த மாதிரி. சூடு தாங்காமல் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்திருக்கிறது.

இந்த ஊரில் பஞ்சு எதைத்தான் விட்டது? மூக்கைச் சிந்தினால் எந்தக் கலர் நூல் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

ஜூலை 2

சாப்பிடும்போது அப்பா: "ஆடி கழியட்டும், கம்பெனி போர்ட மாத்தீரலாம். வெள்ளியங்கிரி அண்ட் சன்."

வெள்ளியங்கிரி அவர் பேர், சன் நான். என்னிடம் கேட்கவில்லை. சொன்னார். அம்மா எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஜூலை 6

பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றுக்குச் சாம்பிள் துணி போகிறது. அப்பா அதைப் புது மிஷினில், மெதுவாக, பக்கத்திலேயே நின்று ஓட்டினார். ஆர்டர் வந்தால் ஓடப்போவது பழைய மிஷின்களில்.

"இது ஏமாத்து இல்லீங்களாப்பா?"

"பொண்ணு பாக்க வர்றப்ப அழுக்குச் சேலையிலயா நிக்க வெப்பாங்க? ஊர்ல எல்லாரும் இப்படித்தான் குடுக்கறாங்க. போயி உன்ற டப்பாவத் தட்டு."

ஜூலை 11

கெர்னல்காரர்கள் எல்லோரும் படிக்கும் மெயில் லிஸ்டுக்குப் பேட்சை அனுப்பிவிட்டேன். பழையதைவிட இரண்டு மடங்கு வேகம். எண்களையும் கூடவே போட்டேன். யாரும் வாயைத் திறக்க முடியாது.

ஜூலை 13

திறந்துவிட்டான். கெர்னலில் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டுக்காரன். உன் சோதனை வரிசை முழுக்கப் பூஜ்யம், கடைசியில் ஒரே ஒரு ஒன்று, அது உன் ரொட்டீனுக்காகவே செய்த வரிசை என்கிறான். நிஜத்தில் ஒன்று பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கிடைத்துவிடுமாம். அங்கே என்னுடையது பழையதைவிட மெதுவாம். போதாததற்கு, நீளம் முப்பத்திரண்டால் வகுபடாத வரிசை என்றால், வரிசை முடிந்து அப்பால் கிடக்கும் குப்பையை எடுத்து விடை என்கிறதாம்.

உலகத்துக்கே தெரிகிற மாதிரி எழுதியிருக்கிறான். அவனுக்கென்ன, ஏ.சி. ரூம்ல உக்காந்துட்டு எது வேணா எழுதுவான். இங்க வந்து ஒரு நாள் இருந்து பாருடா.

ஜூலை 14

புது மிஷினில் மெதுவாக ஓட்டின துணி. நானும் அதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

ஜூலை 29

ரொட்டீனைத் திருத்தி எழுதினேன். லூப்புக்குள் போகும் முன்பே முதல் முப்பத்திரண்டைப் பார்த்துவிடுகிறது. கடைசித் துண்டில் வரிசைக்கு வெளியே இருப்பதை மறைத்துவிடுகிறது. இந்த முறை நானே வரிசை செய்யவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு வேலை செய்யும்போது கெர்னல் என்ன தேடுகிறதோ அதையே பதிந்து, அதில் அளந்தேன். நடுவில் எத்தனை கரண்ட் கட்!

நீள வரிசையில் வேகம். குட்டி வரிசையில் சமம். ஒரே ஓர் இடத்தில் பழையதைவிடக் கொஞ்சம் வேகம் குறைவு. அதையும் எழுதித்தான் அனுப்பினேன். 

ஆகஸ்ட் 8

ஏற்றுக்கொண்டான்! "இப்போது இந்த எண்களை நம்பலாம்" என்று ஒரே வரி. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபக்குமாரிடம் மட்டும். "ஏலே, சாதிச்சிட்டியே!" இருபதாம் தேதி இன்டர்வியூ.

அந்த எக்ஸ்போர்ட் ஆர்டரும் அப்பாவுக்கே வந்து, பழைய மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆகஸ்ட் 18

எக்ஸ்போர்ட் கம்பெனியின் செக்கிங் ஆள் சீனிச்சாமி வந்தார். ரோலை விரித்தார். தேய்ந்த ஊசி இழுத்த கோடு, துணி நெடுக.

"ஏண்ணே, சாம்பிள்ல இந்தக் கோடு இல்லியே?"

"நூலுதானுங்க சரியில்ல" என்ற அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

"சாம்பிள் புது மிஷின்ல ஓட்டுனதுங்க. இது பழைய மிஷின். ஊசி மாத்தல" என்றேன்.

அப்பாவின் முகத்தை எழுத வரவில்லை.

சீனிச்சாமி சிரித்துவிட்டார். "உங்களக் காட்டிக்குடுக்க வெளிய ஆளே வேண்டாம்ணே." கோடு இல்லாத ரோல்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். மீதி இங்கேயே கிடக்கிறது.

அம்மா சமையல்கட்டிலிருந்து: "உங்கப்பா சோத்துல கையே வெக்கல. நியாயந்தான் பேசுன, செரி. அத ஊட்டுக்குள்ள பேசுனா ஆகாதா?"

ஆகஸ்ட் 19

பெங்களூர் போகிறேன், இன்டர்வியூ என்று அப்பாவிடம் சொன்னேன்.

"டிக்கெட் போட்டாச்சா?"

"ஆச்சுங்க."

நேற்றிலிருந்து பேசியது இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 27

வேலை கிடைத்தது. செப்டம்பர் பதினைந்தில் சேர வேண்டும். குதிக்க வேண்டும் போல் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 13

கிளம்பும் நாள். வெளியே வந்தால் பெயின்டர் ஈஸ்வரமூர்த்தி ஏணியில் நிற்கிறார். புது போர்டு. "வெள்ளியங்கிரி நிட்டிங்" மட்டும்தான். அண்ட் சன் இல்லை. சரி, என்னை விட்டுவிட்டார் — மூச்சு வந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். எழுத்தெல்லாம் இடது ஓரத்தில். வலதுபக்கம் பாதிக்கு வெறும் வெள்ளை.

"ஏனுங்க, நடுவுல எழுதாம இப்படி ஒதுக்கீட்டீங்க?"

"உங்கப்பாதானுங்க. அந்தப் பக்கம் எடம் விட்டு எழுதுன்னாருங்க."

உள்ளே அப்பா பழைய மிஷினுக்குப் புது ஊசி போட்டுக்கொண்டிருந்தார். "போயிட்டு வரேனுங்க" என்றேன். "ம்" என்றார், திரும்பாமலேயே.

ஆட்டோவில் ஏறியதும் போர்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன். பார்த்தேன். அந்த வெள்ளையில் என் பேர் தாராளமாகப் பிடிக்கும்.