மேலே ஒரு பிடி

மொன்றியால்
4.6.2023

அன்புள்ள தம்பி அருமைநாதனுக்கு,

அக்கா சிவநேசம் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றெல்லாம் சுகம். போனில் உனக்குக் காது கேளாது. எனக்கோ கத்தினால் இருமல். கடிதமே நல்லது.

உங்கள் பனங்கிழங்கு ஒடியல் மா வந்து சேர்ந்தது. இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உருத்திரமூர்த்தியின் கடைக்குள் கால் வைத்தால், முன்தட்டு முழுக்கப் பக்கெட்டுகளில் என் முகம்! மேலே ‘அனலைதீவு ஆச்சி ஒடியல் மா’ என்று எழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் படத்தை ஊரில் எந்தச் சுவரில் மாட்டினார்கள்? இங்கே பிரெஞ்சுக்காரியும் தூக்கிப் பார்க்கிறாள். எல்லாம் என் மகன் கிருபானந்தன் தொடங்கிய கம்பனியின் வேலை.

ஒரு குறை. மா இடிக்கும் உன் சங்கத்துப் பெண்கள் தராசில் நிறுத்த பிறகும் ஒவ்வொரு பக்கெட்டிலும் மேலே ஒரு பிடி போட்டிருக்கிறார்கள். நம் வழக்கம் எனக்குத் தெரியும். சுங்கத்தாருக்குத் தெரியுமா? கடதாசியில் ஒரு நிறை, பெட்டியில் ஒரு நிறை என்று சாமானை மறித்துவிட்டார்கள். கிருபா டோர்வல் விமான நிலைய வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடித் திரிந்தான். “உங்கட சனத்துக்குத் தராசு பாக்கத் தெரியாதோ, அம்மா?” என்று என்னோடு சண்டை. இனி அந்தப் பிடி வேண்டாம்.

நீ வழக்கமாகக் கொடுக்கும் யாழ்ப்பாணத்து வியாபாரிக்கும் இனி ஒரு மூடைகூடக் கொடாதே. எல்லாம் என் மகனுக்கே. நம் சின்னத் தீவின் சாமான் கப்பலேறுவதென்றால் சும்மாவா? நான் பொறுப்பு.

அன்பு அக்கா,
சிவநேசம்


மொன்றியால்
20.8.2023

அன்புத் தம்பிக்கு,

ஒரு வரி பதில் போட உனக்கு அவ்வளவு பஞ்சியோ?

நேற்றுப் பேத்தி துஷாந்தினி என்னை மெற்றோவில் லவாலுக்குக் கூட்டிப் போனாள். அங்கேயும் கடை நிறைய நான்தான். ஒரு பக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். நிறை கச்சிதம். உப்பல் இல்லை, மூலை மடிப்புக்கூட நேர். ஒருவழியாக உன் பெண்களும் தராசு பார்க்கப் பழகிவிட்டார்கள். கெட்டிக்காரிகள் என்று நான் சொன்னதாகச் சொல்லு.

ரொறன்ரோவுக்கும் போகிறதாம். பனங்காய் விழும் காலமல்லவா, இந்த முறை கிழங்குப் பாத்தியை இரட்டிப்பாகப் போடுங்கள்.

உன் அக்கா,
சிவநேசம்


அனலைதீவு
12.9.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பாராட்டைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த முதல் சாமானுக்குப் பிறகு நாங்கள் ஒரு பக்கெட்டும் அனுப்பவில்லை, அக்கா. “பேந்து சொல்லுறன், பொறுங்கோ” என்று கிருபா என் மகள் கஜந்தினிக்குப் போனில் சொன்னதோடு சரி. மூடைகளில் வண்டு விழுகிறது. யாழ்ப்பாணத்து வியாபாரியிடம் போய் நின்றேன். “கனடாவுக்குக் குடுக்கிற பெரிய ஆக்களுக்கு எங்களிட்டை என்ன அலுவல்?” என்றார். இருக்கக் கதிரைகூடக் காட்டவில்லை.

அப்படியானால் லவாலில் நீங்கள் தூக்கிப் பார்த்தது யாருடைய மா? இங்கே ஒரு வாய்க்காரி கேட்கிறாள்: “முகத்தைக் குடுத்த அக்கா, பின்னால என்ன இருக்கெண்டு பாக்கேல்லையோ?”

மழைக்கு முன் பனங்கொட்டையைப் பாத்தியில் புதைக்க வேண்டும். அப்போதுதான் கிழங்கு, கிழங்கு இருந்தால்தான் ஒடியல். புதைப்பதா, விடுவதா? கிருபாவிடம் கேட்டு உடனே எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
அருமைநாதன்


மொன்றியால்
1.10.2023

அன்புள்ள தம்பி,

சாப்பாட்டு மேசையில் வைத்தே கேட்டேன்.

“அது தமிழ்நாட்டு மா, அம்மா. மாதாமாதம் வரும், நிறையும் சரி. உங்கட ஆக்கள் கடல் கொந்தளிப்பு, கோயில் கொடியேற்றம் எண்டு நிப்பினம்.”

“அப்ப ஏன்ரா என்ரை படம்? ஏன் ஊரின்ரை பேர்?”

“அதுதானே அம்மா விக்குது.”

சொல்லிக்கொண்டே குழம்பை ஊற்றினான்.

நான் விடவில்லை. உருத்திரமூர்த்தியின் கடைக்குப் போய், சனத்துக்கு முன்னால், “இது எங்கடை மா இல்லை” என்று சொன்னேன். அவர் சிரித்தார். “ஆச்சி, படத்தில இருக்கிற ஆளே இப்பிடிச் சொன்னா நான் கடை நடத்திறதில்லையோ?” என்றார். அங்கே நின்ற ஒரு பெட்டை என் கையில் பக்கெட்டைத் தந்து, “சிரியுங்கோ ஆச்சி” என்று போனில் படம் பிடித்தாள். சிரித்துவிட்டேன், தம்பி. அந்தப் படமும் இனி எங்கெங்கே சுற்றுமோ.

என் முகத்தை எடு என்றால், அடுத்த வருஷம் பார்ப்போம் என்கிறான் கிருபா. அவன் வீட்டில்தான் படுக்கிறேன், அவன் போடுகிற சோறுதான் தின்கிறேன். எவ்வளவு கத்த முடியும்?

நீங்கள் பாத்தியைப் போடுங்கள். அவனை நான் வழிக்குக் கொண்டுவருவேன். எனக்கு ஒரு பக்கெட் மட்டும் இப்போது அனுப்பு. மேலே அந்தப் பிடியையும் போட்டு அனுப்பு. கடைத்தட்டில் மற்றதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

உன் அக்கா,
சிவநேசம்


அனலைதீவு
11.2.2024

திருமதி சிவநேசம் அவர்களுக்கு,

பாத்தி போடவில்லை. உங்கள் சொல்லை நம்பி மறுபடி மண்ணில் குனிய ஒருவரும் வரவில்லை. இருந்த மா வண்டரித்து மாட்டுக்குப் போயிற்று. பெண்களில் பாதிப் பேர் இப்போது விடியவே லோஞ்ச் படகு ஏறி, ஊர்காவற்றுறைப் பக்கம் கூலிக்கு நண்டு உடைக்கப் போகிறார்கள்.

தைப்பூசத்துக்கு மொன்றியாலில் இருந்து வந்தவர் ஒருவர் எங்கள் சங்கத்துக்கு அன்பளிப்பாக நாலு பக்கெட் ஒடியல் மா தந்தார். நாலிலும் நீங்கள். ஊரில் வேறு மா இல்லாதபடியால் அதிலேயே கூழ் காய்ச்சினோம். எல்லாரும் குடித்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறையும் சரியாகத்தான் இருந்தது.

நீங்கள் கேட்ட பக்கெட்டை அனுப்ப வழியில்லை. மேலே போட ஒரு பிடியும் இங்கே இல்லை.

அருமைநாதன்