புரையேறியபோது சிரித்தேன்

அன்புள்ள பவித்ரா,

தறிச் சத்தத்துக்கு நடுவே நீயும் குழந்தையும் நன்றாகத் தூங்குகிறீர்களா? தோஹாவில் எனக்கு ஒரு குறையுமில்லை.

நேற்று வீடியோ காலில், பால் குடிக்கும்போது அவனுக்குப் புரையேறியதும், "அப்பா நினைச்சிகினு இருக்கேன், அதான்!" என்று சிரித்தேன். "சிரிக்காதீங்க, மூச்சு முட்டுது!" என்று கத்தியபடி நீ அவனைக் கைமேல் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி முதுகில் தட்டினாய். அவன் அழுதான். என் சிரிப்பு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

பால் வேகமாக வந்தால் முதலில் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு, அவன் தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார் இங்குள்ள நர்ஸ். அப்போது என் போனை எடுக்காதே. பிறகு அவன் ஏப்பத்தை மட்டும் பதிந்து அனுப்பு.

டூட்டி வண்டி வந்துவிட்டது. நினைத்தால் புரையேறும் என்பது உண்மையானால், நம் பிள்ளை இதுவரை ஒரு வாய்கூடக் குடித்திருக்க முடியாது.

ஞானவேல்