ரெண்டு மாடிக்குப் பத்து ரூபாய்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே புழுக்கம். கத்திரி முடிந்துவிட்டதாம், யார் சொன்னது?

செய்ய வேண்டியவை: கேஸ் புக் பண்ண. பென்ஷன் பாரம். வாடகை நாற்காலிகள் திருப்ப. வாசலில் அவர் செருப்பு (இன்று வேண்டாம்).

ஞாயிறோடு நாற்பதாம் நாள் ஜெபமும் முடிந்தது. மகள் நேற்று பெங்களூர் கிளம்பிவிட்டாள். அடக்கம் முடிந்ததும் நானும் அவளோடு அங்கேதான் போய் இருந்தேன், ஜெபத்துக்காகத்தான் சேர்ந்து வந்தோம். இந்த வீட்டில் தனியாக இருப்பது இன்றுதான் முதல்.

பிரிட்ஜ் கதவில் அவர் ஒட்டிய தாள். எஸ்டேட் கம்பெனியில் முப்பது வருஷம் சூப்பர்வைசர், வாசலுக்குக் கொண்டுவருபவர்களுக்குக் கொடுக்க எல்லாவற்றுக்கும் ஒரு ரேட் உண்டு.

கேஸ் – 40
தண்ணீர் கேன் – 10 (ரெண்டு மாடி)
சாப்பாடு பார்சல் – 20. மழையானால் 40
கூரியர் – குடிக்கத் தண்ணீர், கேட்பதற்கு முன்

கடைசியில் சிவப்பு மையில்: கையில் கொடு. வைக்காதே.

அந்த வரி எனக்காக எழுதியது. பத்து ரூபாயை ஒருவர் கையில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். காலிக் கேனுக்கு அடியில் செருகிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். "உண்டியல்ல போடற மாதிரி போட்டுட்டு ஓடுறியே" என்பார்.

இன்று கேன் வரும் நாள். ஏழுமலை வருவார். ஆறு வருஷமாக இந்தக் கள்ளிக்குப்பம் பிளாட்டுக்கு, லிப்ட் இல்லாத ரெண்டாம் மாடிக்கு, தோளில் கேன் சுமப்பவர். அன்று காலை இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தபோது வாசலில் கேனோடு நின்றவரும் அவர்தான். கேனை இறக்கினார், இவரை முதுகில் ஏற்றினார், இறங்கிவிட்டார். நான் ஆஸ்பத்திரி பைலைத் தேடிக்கொண்டிருந்தேன். பீரோ சாவி கிடைக்கவில்லை. நான் கீழே போனபோது இவர் ஆட்டோவில் கண் மூடியிருந்தார். பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பைலை மட்டும் நான் தேடாமல் இருந்திருந்தால்.

ஏழுமலைக்கு ஏதாவது செய்ய வேண்டும். சர்ச்சில் கொடுக்கும் ஸ்தோத்திர காணிக்கை கவர் ஒன்று இருந்தது. ஐந்நூறு வைத்து, காலிக் கேனுக்கு அடியில்.

9 மணி. புதுக் கேன் வாசலில். காலிக் கேன் போய்விட்டது. கவர் ஜன்னல் விளிம்பில், பறக்காமல் இருக்க மேலே ஒரு கல். பிரிக்கவே இல்லை.

ஐந்நூறு குறைவோ?

ஜூன் 5, வியாழன்

வெயில். கேஸ் வந்தது. நாற்பது, கதவு இடுக்கு வழியாக. பாவி, இன்னும் திருந்தவில்லை நான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை இன்றுதான் பிரித்தேன். கைலி, கண்ணாடி, நீலக் கட்டம் போட்ட சட்டை. கேன் வரும் நாளில் எழுந்தவுடன் சட்டை மாட்டி, பையில் பத்து ரூபாய் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். அன்றும் வைத்தார், நான் பார்த்தேன். இப்போது சட்டைப் பை காலி. ஆஸ்பத்திரியில் யாராவது எடுத்திருப்பார்கள். போகட்டும், பத்து ரூபாய்தானே.

போகட்டும் என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் அழுகை. பத்து ரூபாய்க்கு.

சட்டையைத் துவைக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கவரில் இன்னொரு ஐந்நூறு சேர்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வந்தது வேறு ஆள், நரைத்த மீசை. ஏழுமலைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீறாரு. இந்த லைன் வேணாம்னு ஓனராண்ட சொல்ட்டாரும்மா."

ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

மகளுக்குப் போன். நம்பர் வாங்கிப் போனிலேயே பணம் அனுப்பிவிடு, இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளாதே என்கிறாள். நல்ல பெண். அப்பா ஜாடை, அப்பா புத்தி இல்லை.

சாப்பாடு: நேற்றைய ரசம்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச். காணிக்கைப் பை என் முன்னால் வந்தது. கைப்பையில் அதே கவர். போட மனம் வரவில்லை, போடாமலும் கூசியது. பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

போன ஞாயிறு நினைவுக்கு வந்தது. ஜெபத்துக்கு எட்டு கேன் கொண்டுவந்தார் ஏழுமலை. வேலை முடிந்தும் போகவில்லை, மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டே இருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், வேலைச் சட்டை இல்லை. நான் மாடியிலிருந்து பார்த்தேன். பிரியாணியைப் பொட்டலம் கட்டி யாரிடமோ கொடுத்தனுப்பினேன். மேலே வா, பந்தியில் உட்கார் என்று சொல்லவில்லை.

என் புருஷனைக் கடைசியாகச் சுமந்த மனுஷனுக்குப் பொட்டலம். அதற்கு மேல் ஒரு கவர். வெட்கமாக இருக்கிறது. இதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 9, திங்கள்

மேகமூட்டம். பென்ஷன் பாரம் கொடுத்தாயிற்று, ஒரு கையெழுத்துக் குறைகிறதாம்.

அங்கிருந்து நேராகக் கேன் ஏஜென்சி. பதினோரு மணி. ஏழுமலை வண்டியில் கேன் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டார்.

"இன்னாமா, நீங்க வந்துகினு. சொல்லி அனுப்ச்சா நான் வந்துருப்பேன்ல."

ஸ்டூல் போட்டார். தப்பு செய்துவிட்டேன், ஜெபத்தன்று உங்களை மேலே கூப்பிட்டிருக்க வேண்டும், கவர் வைத்திருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கோவம்லாம் இல்லமா. அந்தப் படி ஏற முடில. கேன தோள்ல வெச்சா சாரு கனம்தான் தெரிது. அதான் வானகரம் லைன் மாத்திக்கினேன்."

பிறகு நான் கேட்காமலே சொன்னார்.

"சாரு அப்பவே குட்த்துட்டாரும்மா. படி எறங்கசொல்ல, சட்ட ஜோபில கைய உட்டு பத்து ரூவா எட்த்து என் மூஞ்சிக்கு நேரா நீட்னாரு. ரெண்டு மாடி ஏழுமல, வாங்கிக்கன்னாரு. இப்ப இன்னா சாருன்னேன். அப்பறம் மறந்துடுவேம்பா, கைல வாங்கிக்கன்னாரு. வாங்கிக்கினேன். அதுக்கு மேல இன்னொருவாட்டி எப்டிமா வாங்கறது?"

செலவழிக்கவில்லையாம். ஊட்டுக்காரம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். வேண்டுமானால் கொண்டுவந்து தருகிறேன் என்றார். வேண்டாம், உங்களுடையது என்றேன்.

எனக்கு டீ வரவழைத்தார். டீ கொண்டுவந்தவருக்குக் கையில் ஐந்து ரூபாய் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தெட்டு நாளாக, கடைசியாக இவர் ஏதாவது சொன்னாரா, என்னைத் தேடினாரா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். சொல்லியிருக்கிறார். அவருடைய ரேட்டைச் சொல்லியிருக்கிறார். சிரிப்பு வந்தது. ஆட்டோவில் வரும்போது சத்தமாகவே அழுதேன். டிரைவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார், நல்ல மனுஷன். மீட்டருக்கு மேல் இருபது, கையில்.

ஜூன் 10, செவ்வாய்

விடியற்காலை மழை. வாசலில் அவர் செருப்பு நனைந்துவிட்டது, உள்ளே எடுத்து வைத்தேன்.

நரைத்த மீசைக்காரர் பெயர் தனபால். கதவைத் திறந்துவைத்து நின்றேன். பத்து ரூபாயைக் கையில் கொடுத்தேன், முகத்தையும் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் எதற்குக் கூச்சப்பட்டேனோ.

அவர் போன பிறகு படிகளில் இறங்கிப் பார்த்தேன். மொத்தம் முப்பத்து நான்கு. நடுவில் ஒரு திருப்பம். பைலைத் தேடாமல் இருந்திருந்தால் பின்னாலேயே இறங்கியிருப்பேன், அந்தப் பேச்சு என் காதிலும் விழுந்திருக்கும்.

எந்தப் படியில் வைத்துக் கொடுத்தார் என்று கேட்க மறந்துவிட்டேன்.