நல்லெண்ணெய்ச் சுடரின் நிறம்

மச்சாள்,

இன்று வெள்ளிக்கிழமை. வெற்றிலையும் பூவும் வாங்கப் பாரிஸ் லா ஷப்பலில் இறங்கினேன். ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் நீர் வேலை செய்த கடையின் கண்ணாடிக்குள் புதிதாக ஒரு கணினி வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் மரப் பலகை. உள்ளே சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. விசிறிகளைச் சுற்றி மங்கலாக ஒரே ஒரு மஞ்சள் வெளிச்சம், நல்லெண்ணெய் விளக்கின் நிறம். பூப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் தள்ளுவண்டியோடு வந்தவர் வழி கேட்டு இரண்டு தரம் "பார்தோன்" சொன்ன பிறகுதான் விலகினேன்.

"எல்லா நிறத்தையும் போட்டுக் களைச்சுக் கடைசியில விளக்கு நிறத்துக்குத்தான் வருவினம், இருந்து பாருங்கோ மச்சாள்" என்று நீர் சொன்னீர். நான் இருந்து பார்த்துவிட்டேன். நீர்தான் இல்லை.

கடைக்காரர் என்னைக் கண்டு வெளியே வந்தார். "அக்கா, கடையை மாத்திக் கட்டுறம். உங்கட மச்சாளின்ர மேசை லாச்சியை இழுத்தால் உள்ள இது கிடந்தது. மேல உங்கட பேர் எழுதிக் கிடக்கு" என்று ஒரு சின்ன அட்டைப் பெட்டியைத் தந்தார். உமது கையெழுத்து எனக்குத் தெரியாதா? பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வீடு வந்தேன். இப்போது அது எனக்கு முன்னால் மேசையில் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. திறப்பதற்கு முன் உமக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டுத் திவசமும் போய்விட்டது, இன்னும் சொல்லாமல் இருக்கிறேன்.

கலியாணம் முடித்த ஐந்தாம் வருடம் உமது கணவர் காலமானார். அண்ணன் வீடு என்று எங்களிடம் வந்தீர். கொஞ்ச நாளில் அந்தக் கடையில் கணக்கு எழுதப் போய், கடைக்குப் பக்கத்திலேயே ஒரு அறையும் எடுத்தீர். கணக்கெழுதிய மேசைக்குப் பக்கத்து மேசையில் விளையாட்டுக் கணினிகளைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டுவதைப் பார்த்துப் பார்த்து நீரும் பூட்டத் தொடங்கினீர். ஆறு மாதத்தில் "அந்த அக்கா பூட்டித் தந்தால்தான் வேணும்" என்று கூசேன்வில்லில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நான் பிரெஞ்சு படித்ததும் யாரிடமும் போயல்ல, தபால்பெட்டிக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பிரித்துத்தான். தானாகப் படிப்பது என்ன பாடு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் உமது வேலையை நான் விளையாட்டு என்றேதான் சொன்னேன்.

ஞாயிறு பின்னேரங்களில் தேத்தண்ணீரோடு நீர் சொல்லும் கதைகளுக்குச் சிரித்திருக்கிறேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். முதலில் எல்லாருக்கும் கணினிக்குள் சிவப்பு வெளிச்சம் ஒன்றுதான் வேண்டுமாம். பிறகு விசிறி, நினைவகத் தகடு, வயர் என்று தொட்ட இடமெல்லாம் வானவில் ஓட வேண்டுமாம். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற ஒருவர் அப்படிச் செய்வித்துக்கொண்டு போய் ஒரு வருடத்தில் திரும்பி வந்தாரே. "அக்கா, உதை வைச்சுக்கொண்டு அறையில படுக்கேலாது. கலியாண மண்டபத்துக்குள்ள படுத்த மாதிரிக் கிடக்கு." அவருக்கு எல்லாவற்றையும் வெள்ளையாக மாற்றினீர்: வெள்ளை விசிறி, வெள்ளை வயர், வெள்ளை வெளிச்சம். "இப்ப ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கு எண்டு வருவார், பாருங்கோ" என்றீர். வந்தாரே. பிறகு இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த மீன்தொட்டி மாதிரிப் பெட்டிகள் வந்தன. ஒளி எத்தனை மோஸ்தர் மாறினாலும் உமக்கு ஒரே பேச்சுத்தான். "வெளிச்சம் கூடினால் சாமான் தெரியாது மச்சாள். வெளிச்சம் மட்டும்தான் தெரியும்."

ஒரு நாள் நான் விளக்கை ஏற்றிவிட்டுப் பால் வாங்க இறங்கிய நேரம், திரி கருகிப் புகை மணி அடித்தது. கட்டடத்துக் காவலாள், கார்தியான், கதவைத் தட்டி ஊரைக் கூட்டிவிட்டார். அதன் பிறகு உமது அண்ணன், ஆள் இல்லாத நேரம் விளக்கு எரியக் கூடாது என்று சொல்லிவிட்டார். "நான் வெளியில போற நேரமெல்லாம் சாமி இருட்டுக்குள்ள" என்று உம்மிடம் குறைப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு, சின்னச் சின்ன லைற் பதித்த ஒரு ஒளிநாடாவும் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் கொண்டுவந்தீர். கணினிக்குள் ஒட்டுவதில் மிஞ்சியது என்றீர். என்னை விளக்கேற்றச் சொல்லிவிட்டு, சாமி அலுமாரிக்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்து, சுடரையும் நாடாவையும் மாறி மாறிப் பார்த்தீர். "சிவப்பு முழுசா வேணும். பச்சை பாதிக்கும் குறைய. நீலம், கறிக்குக் கடைசியில புளி விடுற மாதிரி ஒரு சொட்டு." நிறம் சரிவரவில்லை என்று நான்கு ஞாயிறு வந்தீர். சாமி கும்பிடாத மனுஷி என்று உம்மை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சுடரை அத்தனை நேரம் கண் எடுக்காமல் பார்த்த வேறொரு ஆளை நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை.

ஆனால் அந்த நான்கு ஞாயிறிலும் ஒரு முறையாவது "நீர் ஏற்றும்" என்று தீப்பெட்டியை உம்மிடம் நான் நீட்டவில்லை. கைம்பெண் கை. நீரும் கேட்கவில்லை. நாடாவை அலுமாரியின் மேல் விளிம்புக்குப் பின்னால் ஒட்டினீர். படங்களின் மேல் விளக்கு வெளிச்சம் விழுந்த மாதிரியே விழுந்தது. போகும்போது சொன்னீர், "மச்சாள், ஒண்டு மட்டும். பிளக்கைக் கழட்டாதேங்கோ. கறண்ட் போனால் நான் வைச்ச நிறத்தை இது மறந்திடும், வானவில்லுக்குப் போயிடும்."

நான் ஓம் என்றேன்.

அந்த வருடம் நவராத்திரிக்கு அக்கம்பக்கத்துப் பெண்களை வரச் சொல்லியிருந்தேன். நீரும் வந்து அவல் குழைத்தீர். எல்லாரும் இருந்தபிறகு சாமி அலுமாரியின் கதவுகளை இரண்டு பக்கமும் திறந்தேன். உள்ளே வானவில் ஓடிக்கொண்டிருந்தது. சரஸ்வதியின் வெள்ளைச் சேலை பச்சையாகி, ஊதாவாகி, சிவப்பாகியது. முருகன் நீலமானார். பிறகு ஒருத்தி, "இதென்ன, சாமி அலுமாரியோ, கேம் விளையாடுற பெட்டியோ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் உம்மைத் திரும்பிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "விளக்கேத்தாத கை வைச்சால் இப்பிடித்தான் வரும்."

சிரிப்பு நின்றுவிட்டது. நீர் எழும்பி வந்து, அலுமாரிக்குக் கீழே குனிந்து, சுவர்ப் பிளக்கைக் கழட்டினீர். கழட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு நாடாவை மெதுவாக உரித்துச் சுருட்டி, "நான் கொண்டுபோறன் மச்சாள். நீங்கள் விளக்கை ஏத்துங்கோ" என்றீர். அவல் பரிமாறும் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போனீர். போன பிறகு பார்த்தேன், உமது தட்டில் அவல் அப்படியே இருந்தது.

இனி நான் சொல்ல வேண்டியது.

அன்று பின்னேரம் அந்தப் பிளக்கைக் கழட்டியது நான்தான். சேலை மினுக்க, இஸ்திரிப் பெட்டியைச் செருகுவதற்கு. எனக்கு அது நினைவில்கூட நிற்காத வேலை. உமக்குத் தெரியும், கறண்ட் பில் துண்டு வரும்போது கொப்பியில் எழுதி வைத்துப் போன மாதத்தோடு ஒத்துப் பார்க்கிறவள் நான். ஒரு பிளக் சும்மா செருகிக் கிடந்தால் கை பொறுக்காது. சேலையை மினுக்கிவிட்டு உமது பிளக்கைத் திரும்பச் செருகினேன். அலுமாரிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. கதவைத் திறந்து வானவில்லைக் கண்ட அந்தக் கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். பிழை என்னுடையது என்று தெரியாமல் சொல்லியிருந்தால் அது கோபம் என்றாவது ஆகும்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நீர் வரவில்லை. கடைப் பக்கத்து அறையையும் விட்டுத் தள்ளி லா கூர்னெவ்வில் அறை எடுத்துப் போனீர். உமது அண்ணன் இரண்டு மூன்று தரம் சொன்னார், "அவளை ஒருக்காக் கூப்பிடன்." "வாறதெண்டால் வருவா தானே, கதவு என்ன பூட்டியோ கிடக்கு" என்று நான் சொன்னேன். நான் கூப்பிடாத வரைக்கும் அது பூட்டித்தான் கிடந்தது.

பிறகு வருத்தம் வந்து ஆசுப்பத்திரியில் கிடந்தீர். ஒவ்வொரு நாளும் ரசம் கொண்டுவந்தேன். ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று பஸ்ஸில் நினைப்பேன். ஒரே ஒரு நாள் வாய் திறந்தேன். "அண்டைக்கு அந்த லைற்..." என்றேன். நீர் சிரித்தீர். "விடுங்கோ மச்சாள். இப்ப ஆர் வானவில் போடினம்? மோஸ்தர் மாறிப்போச்சு." நானும் விட்டுவிட்டேன். உமது பகிடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு நாட்கள் அதிகம் இருக்கவில்லை.

பிள்ளையாருக்கு முன்னால் நின்று இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டிருப்பார். ஆனால் சுட்டது அவரை இல்லையே.

இவ்வளவும் எழுதிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன், மச்சாள்.

சுருட்டிய அதே நாடா. ஒட்டுப் பசையில் எங்கள் அலுமாரிப் பலகையின் தூள் இன்னும் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் பழையது இல்லை, வேறு. அதன் முதுகில் வெள்ளை ஒட்டுத்தாளில் உமது எழுத்து. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். அவற்றுக்குக் கீழே, "இனிக் கழட்டலாம்."

நான் பிளக்கைச் செருகினேன். நல்லெண்ணெய் நிறம். கழட்டினேன். நூறு வரைக்கும் எண்ணி மறுபடி செருகினேன். அதே நிறம். இன்னொரு தரம் செய்தேன். வானவில் வரவில்லை.

அப்படியென்றால் அன்றைக்குக் கீழே குனிந்த இடத்தில் நீர் கண்டிருக்கிறீர். மினுக்குகிற பெட்டி அலுமாரியோரத்தில்தான் நின்றது, நான் எடுத்து வைக்கவில்லை. அதைக் கண்டும், அத்தனை பெண்களுக்கு நடுவில், "மச்சாள்தான் கழட்டினவ" என்று ஒரு சொல் சொல்லாமல் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறீர். போய், என் கை மாறாது என்று தெரிந்து, என் கைக்கு ஏற்ற மாதிரி அதைத் திருத்தி, என் பேரை எழுதி, நான் ஒரு தரம் கூப்பிட்டால் கொண்டுவரலாம் என்று லாச்சியில் வைத்திருக்கிறீர்.

நாடாவைப் பழைய இடத்தில் ஒட்டிவிட்டேன். இனி இந்த வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் முதலில் எரிவது நீர் வைத்த விளக்கு. நான் ஏற்றும் திரி அதற்குப் பிறகுதான்.

உமது அண்ணன் வேலையால் வந்து, அலுமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "படுக்கப் போகேக்க உதைக் கழட்டி விடன், கறண்ட்" என்றார், நான் வழக்கமாகச் சொல்வதையே. கீழே குனிந்தேன். பிளக்கில் கை வைத்தேன். கழட்டலாம் என்று நீரே எழுதித் தந்திருக்கிறீர். எனக்குக் கை வரவில்லை, மச்சாள்.